ஆர்ப்பும் அதிர்வும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைந்த நாளன்று, 2023இல், சடங்குகள் முடிந்து உறவினர்கள் கலைந்த பின்பு, அண்ணி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "தம்பி, இது உங்ககிட்ட இருக்கட்டும். நான் இத வெச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றார். பையினுள் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. பிரான்சு நாட்டுத் தகர டப்பா. அதைக் கவிழ்த்து, அடிப்பகுதியை மேல்தளமாக்கி, கருநீல எனாமல் பூசியிருந்தார் அண்ணன். மேல்தளத்தில் நான்கு துளைகள். ஒன்றில் சிறு விளக்கு, இரண்டில் பழைய வானொலிப் பெட்டியின் தந்தநிறக் குமிழ்கள், நான்காவதில் காலால் அழுத்துவதற்கான ஒரு பித்தளைத் தலை. நான்கையும் சுற்றி வெள்ளை எனாமலில் ஒரு சிக்குக் கோலம். இரண்டு குமிழ்களுக்கும் கீழே எழுத்துக்கென்று விடப்பட்ட இரு சிறிய செவ்வகங்கள். அவற்றுள் எதுவும் எழுதப்படவில்லை.

அந்த இரு செவ்வகங்கள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்பது உலகில் இப்போது எனக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மின்கிதாரை அறியாத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மின்கிதாரின் நரம்பதிர்வு மின்குறியாக மாறி, ஒரு கம்பி வழியே ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. வழியில் ஒரு பெட்டியை இடைமறித்து வைத்தால் அந்தக் குறியை நாம் விரும்பியவாறு மாற்றலாம்: எதிரொலிக்கச் செய்யலாம், அலையச் செய்யலாம், கரகரக்கச் செய்யலாம். கைகள் இரண்டும் வாசிப்பில் இருப்பதால் பெட்டியைக் காலால் இயக்க வேண்டும். ஆகவே அது தரையில் கிடக்கும், மிதிபடும். இதைப் பெடல் என்பர். கரகரக்கச் செய்யும் பெடலுக்கு ஃபஸ் என்று பெயர். அண்ணன் செய்தது ஃபஸ்.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில் இருந்தது. அப்பா ரோடியர் மில் தொழிலாளி. அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர், 1968இல் பிறந்தவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சேர்ந்தார். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பி, மாலையில் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் மனிதர்களை இவ்வூரில் அப்படித்தான் அழைப்போம். அவர் தம் மகன் விட்டுச்சென்ற கிதாரை அண்ணனிடம் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவந்த பிஸ்கட் தீர்ந்ததும் டப்பாவையும் கொடுத்தார். முன்னது எங்கள் வீட்டில் பெரும் நிகழ்ச்சியாகப் பேசப்பட்டது. பின்னதை யாரும் கவனிக்கவில்லை.

1980களின் இறுதியில் அண்ணன் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தார். திருமண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் திரைப்பாடல்களை வாசிக்கும் குழு. அன்றைய திரைப்பாடல்களில் கிதார் பல குரல்களில் பேசியது. மேடையில் அண்ணனின் கிதாருக்கோ ஒரே குரல். அக்குரல்களைத் தரும் வெளிநாட்டுப் பெட்டிகளை வாங்குவதென்பது அந்நாளில் நினைத்துப் பார்க்கக் கூடியதன்று. ஒரு பெடலின் விலை எங்கள் குடும்பத்தின் பல மாதச் செலவு. அவரிடம் இருந்தவை ஒரு சால்டரிங் கோலும், பழுதுபார்க்க இயலாதென்று கைவிடப்பட்ட வானொலிப் பெட்டிகளுமே.

அவை போதுமானவையாக இருந்தன. 1966இல் இலண்டனில் ஐவர் ஆர்பிட்டர் என்பவரின் நிறுவனம் ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலை வெளியிட்டது. ஜிமி ஹென்றிக்ஸ் மிதித்துப் புகழ்பெற்ற பெடல் அது. அதனுள் இருந்தவை மொத்தம் 11 உறுப்புகள்: இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு குமிழ்கள். தொடக்ககாலப் பெட்டிகளில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களே இருந்தன. அவ்வகையைச் சேர்ந்த ஏசி128 நம் நாட்டு வானொலிப் பெட்டிகளிலும், ஒலியைப் பெருக்கும் கடைசிக் கட்டத்தில், இரண்டிரண்டாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆகவே, செத்த வானொலி ஒவ்வொன்றிலும் பாதி ஃபஸ் புதைந்திருந்தது என்று சொல்லலாம். யாரிடமோ பெற்ற வரைபடப் பிரதி ஒன்று மடிப்பு மடிப்பாக அண்ணனின் சட்டைப்பையில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர் சுற்றை முடித்துவிட்டார்.

பெட்டிதான் முடியவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

முதற்பெட்டி ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. துளையிடுவதற்கு எளிது, எடையும் இல்லை. 1990இல் அரியாங்குப்பத்தில் ஒரு திருமண வரவேற்பு. அண்ணன் பாட்டின் நடுவே பெடலை மிதித்தார். கிதாரோடு சேர்ந்து வானொலிச் செய்தியும் ஒலிபெருக்கியில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். பிளாஸ்டிக் எந்த அலையையும் தடுக்காது. உள்ளேயிருக்கும் சுற்று சிறு முனகலையும் பன்மடங்காகப் பெருக்கும். அருகில் வானொலி நிலையத்தின் மத்திய அலை இருந்தால் அதையும் பிடித்துக் கொடுத்துவிடும். மேடை விளக்குகளின் மின்கம்பிகளும் தங்கள் பங்குக்கு 'ம்ம்ம்' என்று ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கும். பெட்டி உலோகத்தால் ஆகி, சுற்றின் தரைக்கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தால் இவையெல்லாம் வெளியிலேயே நின்றுவிடும். "பொட்டின்னா சும்மா மூடி வைக்கறதுக்குன்னு நெனச்சேன்டா. அதுவும் வாசிக்குது" என்று அண்ணன் அன்றிரவு சொன்னார்.

இரண்டாவது, அம்மாவின் எவர்சில்வர் டப்பா. அம்மாவைக் கேட்காமல் எடுத்தது. எவர்சில்வரில் துளையிட முயன்றவர்களுக்குத் தெரியும்: வேகமாகச் சுழற்றினால் உலோகம் சூடேறி மேலும் இறுகிவிடும், துளைக்கும் முனைதான் மழுங்கும். மெதுவாக, அழுத்தி, எண்ணெய் விட்டுத் துளைக்க வேண்டும். அண்ணனிடம் இருந்ததோ கையால் சுற்றும் துளைக்கருவி. மூன்று முனைகள் ஒடிந்தன. டப்பா நெளிந்தது. அம்மா இரண்டு நாட்கள் பேசவில்லை.

மூன்றாவதுதான் சொல்தா தாத்தா வீட்டுப் பிஸ்கட் டப்பா. தகரம் மெல்லியது, ஆணியாலேயே துளையிட்டு, அரத்தால் அகலப்படுத்திவிடலாம். இரும்புத் தகடாதலால் முனகலைத் தடுத்தது. ஆனால் மிதித்தால் குழிந்தது. எனவே, சரக்குப் பெட்டியிலிருந்து ஒரு மரத்துண்டை அறுத்து, விசைக்கு நேர் கீழே தூண்போல உள்ளே நிறுத்தினார். காலால் மிதிக்கும் விசை இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பழைய வானொலியில் அலைவரிசை மாற்றும் அழுத்துவிசையைப் பெயர்த்தெடுத்து, அதன் தலையில் பித்தளைத் தொப்பியொன்றைப் பொருத்தினார். விரலுக்காகச் செய்யப்பட்ட அந்த விசை காலுக்கு அடிக்கடி உடையும். ஒவ்வொரு முறையும் வேறொரு வானொலி உயிர்த்தியாகம் செய்யும்.

கடற்காற்று தகரத்தைச் சும்மா விடாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதங்களில் மூலைகளில் துரு கண்டது. உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மிதிவண்டிக்கு வண்ணமடிக்கும் கடையில் மீந்திருந்த கருநீல எனாமலைப் பூசினார். அலங்காரம் அப்படித்தான் தொடங்கியது, துருவுக்கு எதிராக.

வெயில் மற்றொரு பகை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு வெப்பம் ஆகாது. சூடேற ஏற உள்ளே மின்னோட்டம் கசியும்; ஒலி திக்கும், தும்மும், அடங்கிவிடும். குளிர்நாட்டில் பிறந்த சுற்று எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். பகல் கச்சேரிகளில் அண்ணன் ஈரச் சாக்கை மடித்து அதன்மேல் பெட்டியை வைப்பார். குழுவினர் கேலி செய்வார்கள். மாலையில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் பெட்டி தானாகத் தெளிந்துவிடும். "இது நம்ம ஊரு ஆளுடா, சாயங்காலம் ஆனாத்தான் பேசும்" என்பார்.

கோலம் அம்மா போட்டது. வண்ணமடித்து உலர்ந்த பெட்டியைத் திண்ணையில் வைத்திருந்தார் அண்ணன். குமிழ்களை இன்னும் பொருத்தவில்லை. துளைகள் மட்டும் தெரிந்தன. மேலே ஒன்று, நடுவே இரண்டு, கீழே ஒன்று. அம்மா அவ்வழியே போனவர் நின்று பார்த்தார். எவர்சில்வர் டப்பாவின் கோபம் ஆறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. "புள்ளி வெச்சுட்ட. கோலம் எங்கடா?" என்று கேட்டார். அண்ணன் தூரிகையை அவரிடம் நீட்டினார். வாழ்நாள் முழுவதும் மாவைத் தவிர வேறெதையும் கையில் எடுத்துக் கோலமிடாதவர், சற்றுத் தயங்கி, பிறகு கையெடுக்காமல் ஒரே இழுப்பாக அந்த நான்கு துளைகளையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தார்.

சிக்குக் கோலத்தின் விதியை நாம் அறிவோம். கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்ற வேண்டும். எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது. தொடங்கிய இடத்தில் வந்து மூட வேண்டும். பெடலின் மேல்தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. குமிழைத் திருகும் விரல்கள் கோட்டைத் தொடுவதில்லை. துளை எங்கே இருக்கிறதோ அங்கே கோடு தானாக விலகி வழிவிடுகிறது. வெளிநாடுகளில் பெடல் செய்வோர் பெரும்பாலும் கனடாவின் ஹாமண்ட் நிறுவனம் வார்க்கும் அலுமினியப் பெட்டிகளையே பயன்படுத்துகின்றனர். அமெரிக்காவின் மினியாபொலிசில் ஸாக்கரி வெக்ஸ் 1990களில் தொடங்கிய நிறுவனம், ஒவ்வொரு பெட்டியையும் கையால் ஓவியம் தீட்டி விற்றதனாலும் பெயர்பெற்றது. இவற்றையெல்லாம் நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன். முதலியார்பேட்டைத் திண்ணையில் அம்மா கோடிழுத்தபோது அவருக்கும் அண்ணனுக்கும் இவற்றில் எதுவும் தெரியாது.

இனி அந்த வெற்றுச் செவ்வகங்களுக்கு வருகிறேன்.

அது 2000ஆம் ஆண்டு. கோலம் உலர்ந்த மறுநாள். நான் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். குழு நண்பர்கள் இருவர் வந்திருந்தனர். அண்ணன் நுனித்தூரிகையும் வெள்ளை எனாமலுமாக அமர்ந்து, குமிழ்களுக்குக் கீழே இரண்டு செவ்வகங்களை அளந்து வரைந்தார். பிறகு என்னை அழைத்தார்.

"தம்பி, நீ தமிழ் எம்.ஏ.தானே? இங்க பேர் எழுதணும். இது வால்யூம், இது ஃபஸ். இங்கிலீஷ்ல எழுத வேணாம்னு பாக்கறேன். ரெண்டு நல்ல தமிழ் வார்த்தையா சொல்லேன்."

நான் சொன்னேன்: "இரைச்சலுக்குத் தமிழ்ல இரைச்சல்னுதாண்ணே பேரு. ரெண்டு பக்கமும் அதையே எழுதிக்கோ."

நண்பர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து, டப்பாவை மூடினார். அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. நானும் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இலக்கியம் படிப்பவனுக்கு இருபத்திரண்டு வயதில் இருக்கும் செருக்கு என்று இதை எளிதில் கடந்துவிடலாம். அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. அந்தப் பருவத்தில் சிலப்பதிகாரம் எனக்குப் பாடம். வேனிற்காதையில் மாதவி யாழை மீட்டும் இடம் தேர்வுக்கு வரும் என்று மனப்பாடமாகப் படித்திருந்தேன். யாழிசைக்கு நேரக்கூடிய நான்கு குற்றங்கள் அங்கே பெயர்சொல்லிக் கூறப்படுகின்றன: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. உரை தரும் விளக்கமும் எனக்குத் தெரியும். செம்பகை, பண்ணோடு இயையாத இன்பமற்ற ஓசை. கூடம், வெளிப்பட வேண்டியவாறு வெளிப்படாமல் மழுங்கிய ஓசை. ஆர்ப்பு, அளவு கடந்து ஒலிப்பது. அதிர்வு, இழைந்து வராமல் சிதறி ஒலிப்பது.

அளவு கடப்பது, சிதறுவது. இரண்டு குமிழ்கள். அண்ணன் கேட்ட இரண்டு சொற்களும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழமையோடு என் நாவின் நுனியில் இருந்தன. அவற்றைத் தேர்வுத்தாளுக்கென்று வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு ஒரு கேலியைக் கொடுத்தேன்.

ஃபஸ் என்பதன் வரலாறே ஒரு குற்றம் குணமான வரலாறு என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். 1958இல் லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிதார் கலைஞர் கரகரப்பு வேண்டித் தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பென்சிலால் துளையிட்டார் என்பர். 1960களின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாடலின் பதிவின்போது, ஒலிக்கலப்புக் கருவியின் மின்மாற்றி ஒன்று பழுதாகி, கிராடி மார்ட்டின் வாசித்த கிதார் கரகரவென்று உடைந்து ஒலித்தது. பழுதென்று தூக்கியெறியாமல் அதை அப்படியே இசைத்தட்டில் விட்டுவிட்டார்கள். பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே வேண்டும்போது உண்டாக்கும் சுற்றைப் பின்னர் அமைத்தார். அதுவே 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த முதற்பெடல். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் பாடலொன்றில் ஒலித்த பிறகு உலகமே அந்தப் பழுதைக் கேட்டு வாங்கத் தொடங்கியது. நரம்பிசையின் குற்றங்களைப் பட்டியலிட்ட நம் முன்னோர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. ஆனால் அக்குற்றங்களின் பெயர்கள் அவர்களிடம் ஆயத்தமாக இருந்தன.

பெட்டியைப் பற்றியும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் கொண்டுவரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகிறான். நீரில் நின்று இளகிய மரத்தால் செய்தது ஒன்று. இடி விழுந்த மரத்தால் செய்தது மற்றொன்று. உடலின் குற்றம் ஒலியின் குற்றமாகும் என்பதுதான் அவன் சொல்லும் காரணம். சோப்பு டப்பாவிலிருந்து செய்தி வாசிக்கக் கேட்ட இரவில் அண்ணன் சொன்னதும் அதுவே. நான் இரண்டையும் அறிந்திருந்தேன். இரண்டும் ஒன்றென்று மட்டும் அறியவில்லை.

2000க்குப் பிறகு மெல்லிசைக் குழுக்கள் மாறின. கீபோர்டு ஒன்றே எல்லாக் கருவிகளின் குரலையும் தரத் தொடங்கியது. பிறகு பதிவுசெய்த இசைக்குப் பாடுவது வழக்கமாயிற்று. அண்ணன் மேடை ஏறுவது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றது. தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தார். பிறகு அவற்றையும் பழுதுபார்ப்பார் இல்லாத காலம் வந்தது. கிதாரை விற்றுவிட்டார். நான் கல்லூரி ஆசிரியனானேன். அம்மா மறைந்தார். நாங்கள் நன்றாகவே பழகினோம். எந்தப் பிணக்கும் இல்லை. ஒன்றை மட்டும் நாங்கள் பேசவில்லை. 2022இல் மாரடைப்பில் அவர் போனார். அவர் வாசித்த ஒரு பாட்டும் எங்கும் பதிவாகவில்லை.

பெட்டி என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதை நான் மறுபடி பார்க்கக் காரணமானது ஒரு வகுப்பு.

பொருநராற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தேன். கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், பொருநன் கையிலிருக்கும் யாழை அடிமுதல் நுனிவரை வருணிக்கிறார். குளம்பு பதிந்த சுவடுபோல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தல். அதன்மேல் விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துப் போர்த்திய தோல். தோலின் பொருத்துவாய் நெடுகிலும் ஒரு பெண்ணின் வயிற்றில் மெல்லிய மயிர் ஒழுகினாற்போன்ற தோற்றம். துளைகளை அடைத்த ஆணிகளுக்கு அவர் காட்டும் உவமை, வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நண்டின் கண். வார்க்கட்டுகளோ கருநிறப் பெண்ணின் முன்கை வளையல்கள். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, யாழோட சத்தம் எப்படி இருக்கும்னு சொல்லாம, அத எப்படிச் செஞ்சிருக்காங்கன்னே இவ்ளோ சொல்றாரே, ஏன்?"

அப்போதைக்கு ஏதோ பதில் சொன்னேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி உடன் வந்தது. புலவர் இசையின் இனிமையையும் சொல்லத்தான் செய்கிறார்; ஆனால் ஒலியைச் சொல்லில் பிடிக்க முடியாது. விபுலானந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து, பழைய யாழ்களின் வடிவையும் சுரங்களையும் கணக்கிட்டு, 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அதே ஆண்டில் மறைந்தார். அந்த மாபெரும் முயற்சிக்கு அவருக்குக் கிடைத்த பற்றுக்கோடுகளில் ஒன்று, புலவர்கள் யாழின் உடலைச் சொல்லி வைத்த இத்தகைய அடிகள். நண்டின் கண்ணைப் பார்த்த ஒருவர் இருந்ததனால்தான் துளை எங்கே இருந்தது, ஆணி எப்படி அடைத்தது என்று நாம் இன்று பேசுகிறோம். மீட்டிய விரல்கள் போய்விட்டன, ஒலி போய்விட்டது, கூடு நின்றது.

அன்றிரவு பெட்டியை இறக்கித் துடைத்தேன். துளையில் பொருந்திய அந்தச் சிறு விளக்கு உண்மையாகவே நண்டின் கண்போல் இருந்தது.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். இரண்டாண்டாகக் கிதார் கற்கிறாள். சென்ற கோடை விடுமுறையில், "பெரியப்பா பெட்டிய தொறந்து பாக்கலாமாப்பா?" என்று கேட்டாள். இருவருமாகத் திருகாணிகளைக் கழற்றினோம். உள்ளே அந்த மரத்தூண் அசையாமல் நின்றது. சுற்று ஓர் அட்டையில் நேர்த்தியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. இரண்டு ஏசி128களும் அருகருகே. ஒன்றைக் கண்டு நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். மின்கலம் கழற்றப்பட்டிருந்தது. அதன் கம்பிமுனைகளுக்குப் பஞ்சும் காகிதமும் சுற்றி நூலால் கட்டியிருந்தார். நாளை வாசிக்கப்போகிறவர் மின்கலத்தைக் கழற்றுவதில்லை. இனி வாசிக்கப்போவதில்லை என்று முடிவுசெய்த ஒருவர், விட்டுவிட்டால் அது கசிந்து சுற்றைத் தின்றுவிடும் என்பதை அறிந்து, ஒருநாள் அமர்ந்து இதைச் செய்திருக்கிறார். வாசிப்பதை விட்டாரே தவிர, பெட்டியை விடவில்லை.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் மின்தேக்கிகளும் செருகுவாயும் வாங்கிவந்தோம். உலர்ந்துபோயிருந்த இரண்டு மின்தேக்கிகளை மகள் மாற்றினாள். நான் ஈயக்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புதிய மின்கலத்தை இணைத்துப் பித்தளைத் தலையை அழுத்தினோம். ஒலி வந்தது.

அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. டப்பாவின் ஒரு மூலையைத் துரு அரித்துவிட்டிருந்தது. மகள் தினமும் மிதித்தால் சில மாதங்கள்கூடத் தாங்காது. "வார்ப்பு அலுமினியப் பெட்டி ஒண்ணு வாங்கி, உள்ள இருக்கறத அப்படியே அதுக்கு மாத்திடலாம்பா" என்றாள். அறிவார்ந்த யோசனை. ஆனால் மாற்றியபின் அண்ணனின் பெடல் எது? வெளியே எடுத்த சுற்றா, விட்டுச்சென்ற டப்பாவா? நான் சுற்றுதான் என்றேன். ஒலி அதிலிருந்துதானே வருகிறது. மகள் மறுத்தாள். "உள்ள இருக்கற பதினோரு பொருளும் உலகம் பூரா இருக்குப்பா. இந்த மரக்கட்டையும் பாட்டி போட்ட கோலமும் வேற எங்கயாவது இருக்கா?"

அவள் சொன்னது சரி. சுற்று பொதுச்சொத்து, இலண்டனில் பிறந்து, சட்டைப்பை மடிப்பில் ஊர் வந்து சேர்ந்தது. அதை எவரும் செய்யலாம். அண்ணனும் பிறர் செய்தபடியே செய்தார். சோப்பு டப்பாவில் சிரிப்புக்கிடமாகி, எவர்சில்வரில் முனைகளை ஒடித்து, துருவுக்கு வண்ணமும் வெயிலுக்கு ஈரச் சாக்கும் கண்டுபிடித்த பத்தாண்டு உழைப்பு முழுவதும் பெட்டியில் இருக்கிறது. அவர் தம் கையொப்பத்தை இட்ட இடம் அதுதான். அந்த இடத்தில்தான் என்னிடமும் இரண்டு சொற்களைக் கேட்டார். தம்பிக்கும் அதில் ஒரு பங்கு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் போலும்.

பழைய சுற்றைப் பழைய டப்பாவிலேயே விட்டோம். துருவை உப்புத்தாளால் தேய்த்து, மேலும் பரவாதிருக்க வண்ணமற்ற வார்னிஷ் பூசினோம். மகளுக்கு ஒரு புதிய சுற்று. வெயிலுக்கு அஞ்சாத சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள். புதிய அலுமினியப் பெட்டி. அலுமினியத்தின்மேல் எனாமல் நேரே ஒட்டாது. உரித்தால் தோல்போல் வந்துவிடும். தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதற்குரிய பிரைமர் பூசி, ஒரு நாள் காயவிட்டு, பிறகே வண்ணம். மேலே ஒன்று, நடுவே இரண்டு, கீழே ஒன்று என்று அதே வரிசையில் துளையிட்டோம்.

கோலத்தைப் படியெடுக்க, பழைய பெட்டியின்மேல் வெண்ணெய்த்தாளை விரித்துப் பென்சிலால் தடவினாள். மூன்று புள்ளிகளைச் சுற்றிய கோடு தெளிவாகப் பதிந்தது. நான்காவதைச் சுற்றி ஒன்றுமே பதியவில்லை. விசையைச் சுற்றியிருந்த கோட்டை அண்ணனின் கால் தேய்த்துவிட்டிருந்தது. அவர் வாசித்தார் என்பதற்கு எஞ்சிய ஒரே பதிவு அந்தத் தேய்மானம்தான். மகள் விடுபட்ட பகுதியைத் தானாக ஊகித்து இழுத்தாள். அம்மா போட்டது அவ்வாறு வளைந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கோடு முறையாக மூடியது.

பிறகு, நான் எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்டாள். "இதுக்குக் கீழ என்னப்பா எழுதறது?"

நடந்ததைச் சொன்னேன். 2000இல் அண்ணன் கேட்டது, நான் சொன்னது, நண்பர்கள் சிரித்தது, அவர் தூரிகையைக் கழுவியது. இதுவரை எவரிடமும் சொல்லாதது. பிறகு வேனிற்காதையின் நான்கு சொற்களையும் சொன்னேன். அவள் சிறிது யோசித்து, "ரெண்டும் குத்தத்தோட பேருதானேப்பா? அதையா எழுதறது?" என்றாள்.

"ஆமாம். பெரியப்பா வேணும்னே செஞ்ச குத்தம் அது" என்றேன்.

இடக்குமிழின் கீழே ஆர்ப்பு என்றும், வலக்குமிழின் கீழே அதிர்வு என்றும் எழுதினாள். அவள் எழுதி முடித்ததும் தூரிகையை வாங்கி, அண்ணனின் பெட்டியை அருகே இழுத்தேன். முனையில் வெள்ளை எனாமல் இருந்தது. இரண்டு செவ்வகங்களும் கால் நூற்றாண்டாகக் காத்திருந்தன. ஆனால் அவை காத்திருந்தது இந்தச் சொற்களுக்கு அன்று. அன்றைக்கே சொல்லப்பட்டிருக்க வேண்டிய சொற்களுக்கு. இப்போது நிரப்பினால், கேட்ட அன்றே கொடுத்ததுபோல் ஆகிவிடும். தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் துடைத்தேன்.

இப்போது மகள் பெரும்பாலும் தன் பெட்டியைத்தான் மிதிக்கிறாள். சில நாட்களில் மட்டும், வெயில் தாழ்ந்து கடற்காற்று வரத் தொடங்கியதும், பழையதை எடுத்துக் கையாலேயே மெல்ல அழுத்தி இணைக்கிறாள். நான் அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். நாள் முழுதும் காய்ந்த பெட்டி முதலில் திக்கும், தும்மும். சிறிது நேரம் பொறுத்தால் தெளிந்துவிடும். அண்ணன் வாசித்தது இப்படித்தான் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அன்று நான் காதுகொடுத்துக் கேட்டதில்லை. ஆதலால் ஒப்பிட எனக்கு வழியில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.